பல் நலமும் நம் அன்றாடப் பழக்கங்களும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆய்வுக்காகப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அங்கத்தினர் கன்னத்தைக் கையால் தாங்கியவண்ணம் வந்தார். தமது சேமிப்புக் கணக்கிலிருந்து சிறு தொகை உடனே கிடைக்குமா என்று கேட்டார். கடைவாய்ப் பல்லொன்று சொத்தையாகி வேரில் சீழ் பிடித்திருந்தது. வலியினால் நான்கு நாட்களாகத் தறியில் அமரவில்லை. பாவு பாதியில் நின்றது. “வயதானால் பல் விழத்தானே வேண்டும், ஐயா” என்று அவர் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டார். இந்த எண்ணம் தவறானது. முதுமை காரணமாக மட்டும் பல் விழுவதில்லை, நோயினால்தான் விழுகிறது. அந்நோயோ பெரும்பாலும் தடுக்கக்கூடியது.

பல்லின் மீது கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் வழவழப்பான ஏடுபோல் எப்பொழுதும் படிந்துகொண்டிருக்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் பல்லின் கடினமான மேற்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தில் ஒரு பகுதியைப் பல்லுக்குத் திரும்ப அளிக்கிறது. ஆனால் இவ்வேலைக்கு அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேவை. இங்கேதான் நம் தறிக்கூடங்களின் வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். காலை முதல் மாலை வரை ஆறு, ஏழு முறை இனிப்புத் தேநீர் வருகிறது. அதையும் ஒரே மூச்சில் பருகாமல், இரண்டு இழை ஓட்டுவதும் ஒரு வாய் குடிப்பதுமாக நீட்டிக்கிறோம். உமிழ்நீருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. எவ்வளவு சர்க்கரை உண்டோம் என்பதோடு, எத்தனை முறை உண்டோம் என்பதும் முக்கியமாகும். தேநீரை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், நானே கேட்கமாட்டேன். இரண்டு வேளைத் தேநீரை மட்டும் இனிப்போடு வைத்துக்கொண்டு, மற்றதைச் சர்க்கரையின்றிக் குடித்துப் பழகலாம்.

உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகையால் இரவு உணவுக்குப் பின் துலக்காமல் படுப்பவரின் பற்களில் கிருமிகள் தடையின்றி வேலை செய்கின்றன. நம்மில் பலர் காலையில் மட்டுமே பல் துலக்குகிறோம். இரண்டு வேளையும் துலக்க வேண்டும். அவற்றுள் இரவு வேளையைத் தவறவே விடலாகாது. மெல்லிய நாருள்ள பிரஷ்ஷைக் கொண்டு, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்குவது முறை. புளோரைடு கலந்த பற்பசை பல்லின் மேற்பூச்சை உறுதிப்படுத்துகிறது. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டால் போதும்; உடனே வாய் நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் அந்தப் புளோரைடு வீணாகிவிடும். மூன்று நான்கு மாதங்களில் நார் விரிந்த பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும்.

உமிக்கரி, செங்கற்பொடி, சாம்பல் ஆகியவை பல்லை வெளுப்பாக்குவது உண்மையே. மரத்தை உப்புத்தாள் தேய்ப்பதுபோல் மேற்பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடுகின்றன. தேய்ந்த பூச்சு மீண்டும் வளர்வதில்லை. வேப்பங்குச்சியையும் ஆலங்குச்சியையும் நான் குறைகூற மாட்டேன். நன்றாக மென்று நாராக்கித் துலக்குபவர்க்கு அவை பயன்படும். எனினும் கடைவாயின் உட்புறத்தை அவை எட்டுவது அரிது.

இனி, தொழில் சார்ந்த ஒரு பழக்கம். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும், நாடாவின் கண்ணில் வாயை வைத்து ஊடை நூலை உறிஞ்சி இழுப்பதும் இன்றும் காணப்படுகின்றன. பல ஆண்டுகள் நூலைக் கடித்த முன்பற்களின் விளிம்பில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். உறிஞ்சும்போது பஞ்சுத் தூசியும் சாயமும் வாய்க்குள் செல்கின்றன. ஒரே நாடாவைப் பலர் உறிஞ்சினால் நோயும் கைமாறும். ஒரு சிறு கத்தரிக்கோலும், நூலை இழுக்க வளைந்த கம்பி ஒன்றும் தறியருகே தொங்கினால் இத்தொல்லை இராது. விவசாயிகளில் சிலர் மருந்து கலந்த விதைப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறார்கள். இதைப் பல்லுக்காக மட்டுமன்றி உயிருக்காகவும் நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் புகையிலை. பசி தெரியாமலிருக்கவும் தூக்கம் வராமலிருக்கவும் அதை வைத்துக்கொள்வதாகத் தறிக்காரர் சொல்வர். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கினாலேயே புற்றுநோய் உண்டாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட ஏட்டில் முடிவு கூறியுள்ளது. பாக்கு வாயின் உட்தசையை இறுகச் செய்து, வாய் திறக்க முடியாத நிலையையும் தோற்றுவிக்கிறது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாயில் வைக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் செல்க. மாதம் ஒருமுறை, கூலி வாங்கும் நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியின் முன் நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் தழும்போ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ தென்பட்டால், வலி இல்லை என்று இருந்துவிடக்கூடாது. தொடக்கத்தில் வலி இருப்பதில்லை என்பதே இந்நோயின் வஞ்சகம்.

துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் பலர் துலக்குவதையே நிறுத்திவிடுகின்றனர். படிந்த அழுக்கினால் ஈறு வீங்கியிருப்பதற்கு அது அறிகுறி. அழுக்கு காரையாக இறுகிவிட்டால் பல் மருத்துவர்தான் அதை அகற்ற இயலும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றும். ஈறு நோய் முற்றினால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று எண்ணிப் பெற்றோர் கவனியாது விடுகின்றனர். அது ஆயுள் முழுவதற்குமான பல். போனால் வேறு முளைக்காது.

நான் குறிப்பிட்ட அங்கத்தினருக்குச் சங்கம் அன்றே தொகை அளித்தது. ஆனால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அங்கே சென்றபோது அந்தப் பல்லை எடுத்துவிட்டனர். அதற்கு அடுத்த பல்லிலும் சொத்தை தொடங்கியிருந்தது. அதை அடைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். வாங்கிய தொகையில் பெரும்பகுதியை அவர் மறுவாரமே சங்கத்தில் திரும்பச் செலுத்திவிட்டார்.