பொதுக் கம்பியும் நம் மோடமும்

மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே சிறியதொரு வானொலி நிலையத்தை நிறுவினார். 'ஆகாசவாணி' என்று அது பெயர் பெற்றது. பிற்காலத்தில் நம் நாட்டு வானொலிக்கே அப்பெயர் உரியதாயிற்று. ஒருவர் இல்லத்திலிருந்து எழும் அலையாயினும், அனைவர்க்கும் பொதுவான வெளியிலன்றோ அது பரவுகின்றது? ஆகவே வானொலிக்கு உரிமம் வேண்டும் என்பதை யாவரும் எளிதில் ஒப்புவர். நம் வீட்டு வாயிலில் நுழையும் தொலைபேசிக் கம்பியும் அத்தகைய பொதுப்பொருளே என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். இதே மைசூரில் ஓர் அலுவலகம் பல மோடங்களை ஒரே ராக்கில் அடுக்கித் தொலைபேசிக் கம்பிகளோடு இணைக்க முற்படுகிறது எனக் கொள்வோம். அது செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் யாவை? அவை எதன்பொருட்டு? இவற்றை இங்கே காண்போம்.

கணினி அறிந்தவை இரண்டே குறிகள்: சுழியும் ஒன்றும். தொலைபேசிக் கம்பிவழியோ மனிதக் குரலுக்கென்று அமைந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை அதிர்வுகளுடைய ஒலிகளையே அது செவ்வனே கொண்டுசெல்லும். கணினியின் குறிகளை இவ்வெல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குறிகளாக்கித் தரும் கருவியே மோடம்.

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, மக்கள் தொலைபேசி வழியாகவே இணையத்தை அடைந்தனர். வீட்டிலுள்ள மோடம் ஒன்று அழைத்தால், நிலையத்தில் மோடம் ஒன்று விடையளிக்க வேண்டும். நூறு பேர் ஒருங்கே அழைத்தால் நூறு மோடங்கள் வேண்டும். அவற்றை மேசைமேல் பரப்பிவைத்தல் இயலாது. ஆகவே ராக் தேவையாயிற்று. இன்று அப்பணியின் பெரும்பகுதியை ஒளியிழை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பொதுக் கம்பியோடு எக்கருவியை இணைப்பவர்க்கும் அன்றைய ஒழுங்குமுறைகள் பாடமாக நிற்கின்றன.

இவ்விதிகள் எவ்வாறு தோன்றின? அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் பிறர் கருவிகளைத் தம் கம்பியில் இணைக்க நெடுங்காலம் இசையவில்லை. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், வானொலிவழிப் பேச்சைத் தொலைபேசியோடு சேர்க்கும் சாதனம் ஒன்றைச் செய்தார். வழக்கு மூண்டது. வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியை இணைப்பதற்குத் தடையில்லை என்று 1968-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. தீங்கில்லை என்பதை எவ்வாறு காட்டுவது? அதற்கு விடையாகவே சோதனையும் சான்றிதழும் பிறந்தன. நம் நாட்டில் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் 2017-இல் திருத்தப்பெற்று, கட்டாயச் சோதனை முறை ஏற்பட்டது. தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் சான்றிதழ் வழங்கும் பொறுப்பை ஏற்றது. 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த முதற் கட்டப் பட்டியலிலேயே மோடமும் இடம்பெற்றது.

இனி, ஆயத்தங்களைக் காண்போம். முதலாவது, கருவியை வாங்குமுன் அதன் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தல். சான்றிதழில் உள்ள மாதிரியும் கையில் உள்ள மாதிரியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அனுப்பும் ஒலி அளவுக்கு மேல் ஓங்கினால், அதே கேபிளில் செல்லும் அண்டைவீட்டார் உரையாடலில் அது இரைச்சலாகக் கசியும்.

இரண்டாவது, தொலைபேசி நிலையத்தாருக்கு முன்னறிவிப்பு. எத்தனை இணைப்புகள், நாளில் எவ்வளவு நேரம் என்பதை எழுத்தில் தருதல் நலம். எல்லாச் சந்தாதாரரும் ஒரே வேளையில் பேசமாட்டார்கள் என்னும் கணக்கிலேயே நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. குரல் அழைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மோடத்தின் அழைப்போ மணிக்கணக்கில் நீளும். முன்னறிவிப்பின்றிப் பல கம்பிகளை நாம் பிடித்துக்கொண்டால், தீயணைப்பு நிலையத்தை அழைக்கும் ஒருவருக்கு வழி கிடைக்காமற் போகலாம்.

மூன்றாவது, அறை. ராக்கின் அகலம் 19 அங்குலம். ஓர் அடுக்கின் உயரம் 44.45 மில்லிமீட்டர். அடுக்க இடமுண்டு என்பதற்காக நெருக்கி அடுக்குதல் தவறு. ஒவ்வொரு மோடமும் வெப்பம் உமிழும். அது வெளியேற வழி வேண்டும். எந்தக் கம்பி எந்த மோடத்துக்கு உரியது என்று சீட்டு எழுதி ஒட்டுதலும் வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றினும் தலையாயது, புவியிணைப்பு. தொலைபேசிக் கம்பியில் இயல்பாக உள்ளது ஏறக்குறைய 48 வோல்ட். நம் மின்சாரமோ 230 வோல்ட். மோடத்தினுள் இவ்விரண்டையும் பிரிக்கும் காப்பு பழுதானால், அம்மின்சாரம் கம்பியேறி, தொலைவில் கம்பத்தின்மேல் வேலை செய்பவர் கையைத் தாக்கக்கூடும். சித்திரை, வைகாசி மாதங்களில் மைசூரில் இடிமழை பெய்வதுண்டு. மின்னல் கம்பிவழியே உள்ளே வராதபடி, கேபிள் கட்டடத்தினுள் நுழையும் இடத்திலேயே தடுப்பான் பொருத்தி நிலத்தோடு இணைத்தல் வேண்டும். இடி முழங்கும் வேளையில் இணைப்பு வேலை ஆகாது.

மொழிபெயர்ப்பே நம் தொழில். முன்பொருமுறை நம் கைப்பிரதி ஒன்றில், 'பணி முடியும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கொடுக்கத் தேவையில்லை' என்று எழுதிவிட்டோம். அச்சுப்படியைப் படித்த முதிய மின்பணியாளர் ஒருவர், "ஐயா, இந்தச் சொல்லை நம்பி ஒருவன் கம்பத்தில் ஏறுவான்" என்றார். நாம் நாணித் திருத்தினோம். அன்றுமுதல் எந்த விதியைப் படித்தாலும், அது யாரைக் காக்க எழுதப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். மோடத்தைப் பொருத்த முற்படுவோரும் அக்கேள்வியைக் கேட்பாராயின், விதி அவர்க்குச் சுமையாய்த் தோன்றாது.