மதுரையில் பூனை டாக்டர் இருக்கிறாரா?

"மதுரையில பூனைக்குன்னே தனியா டாக்டர் இருக்காரா?" பூனை பற்றி எந்தக் காணொளி வந்தாலும் பார்வையாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இதுதான். விளாங்குடி, திருமங்கலம், மேலூர் என்று ஊர்ப்பெயர் மாறும், கேள்வி மாறாது.

சட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை. 1984-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி பதிவு செய்தவர் கால்நடை மருத்துவர், அவ்வளவுதான். மாடு, ஆடு, கோழி, பன்றி, நாய், பூனை எல்லாமே ஐந்தரை ஆண்டுப் படிப்பு ஒன்றுக்குள் அடக்கம். பட்டம் வாங்கிய பிறகு அந்த டாக்டர் பூனையைப் பற்றி என்ன படித்தார் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் கால்நடை மருத்துவம் என்றால் குதிரையும் மாடும்தான். மதுரைப் பக்கம் இன்றைக்கும் டாக்டரின் பகல் கறவை மாட்டோடும் வெள்ளாட்டோடும்தான் போகிறது. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் காளைகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். திமில் புடைத்த காளை பக்கத்தில் பதறாமல் நிற்கிற மனிதர், மேசைமேல் சீறும் மூன்று கிலோ பூனையைப் பார்த்துக் கையுறை தேடுவார். சிரிக்கலாம், ஆனால் குறை அவருடையது மட்டும் இல்லை. அவர் படித்த காலத்தில் பூனை பாடத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

பட்டம் எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பதற்கு எஃப்.ஐ.பி. ஒன்றே போதும். பூனைகளின் கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளேயே உருமாறி வரும் நோய் அது. பலவற்றுக்கு வயிற்றில் மஞ்சள் நீர் கோத்துக்கொள்ளும். 2015-இல் பட்டம் வாங்கியவர் படித்தது: வந்தால் பிழைக்காது. 2019-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்த ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 25 பிழைத்தன. அடுத்தது கோவிட். 2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஜனம் வரிசையில் நின்று வாங்கியதே ரெம்டெசிவிர், அது உடம்புக்குள் போய் மாறுவது இதே ஜி.எஸ்.-441524 ஆகத்தான். பூனைக்கு முதலில் 84 நாள் மருந்து என்றார்கள். வயிற்றில் நீர் கோக்கும் வகைக்கு 42 நாளே போதும் என்று 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. பத்தாண்டுக்குள் ஒரே நோய்க்கு மூன்று பதில்! மூன்றாவது பதில் தெரிந்த டாக்டர் கிடைப்பது பூனையின் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

நடுவில் ஒன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பட்டத்துக்குப் பிந்தைய இந்தப் படிப்பெல்லாம் எங்கே கிடைக்கிறது? 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அதன் கல்லூரிகளும் பணியிடைப் பயிற்சி நடத்துகின்றன. மதுரைக்குள் கல்லூரி இல்லை. தேனிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் சென்னை வேப்பேரி. சொந்த கிளினிக்கை இரண்டு நாள் பூட்டினால் வாடகையை யார் கொடுப்பது? அதனால் பலருக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இணைய வகுப்புதான் வழி. பூனை மருத்துவத்துக்கென்றே இயங்கும் சர்வதேச சங்கமும், தபால்வழிப் படிப்பு போலப் பாடம் நடத்தும் சிட்னி பல்கலைக்கழகமும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. கட்டணம்தான் எட்டவில்லை. இதற்கு அரசு உதவித்தொகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நோயைவிடக் கடினம் நடத்தைப் பாடம். நம் ஊரில் பூனை வருவது கட்டைப்பையில், ஜிப் பாதி திறந்தபடி. பக்கத்து பெஞ்சில் ராஜபாளையம் நாய். முறை வந்ததும் பிடரியைப் பிடித்துத் தூக்கி மேசையில் அமுக்குவது பழைய பழக்கம். 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அதைக் கைவிடச் சொல்கிறது. கட்டைப்பைக்குப் பதில் கூண்டில் வந்தால், அதன் மேல்மூடியைக் கழற்றி, கீழ்ப்பாதிக்குள் பூனையை இருக்கவிட்டே சோதிக்கலாம், மேலே ஒரு துண்டு கிடந்தால் நல்லது. வலியைப் படிக்கவும் அளவுகோல் வந்துவிட்டது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்டது. காது, கண், மூக்கைச் சுற்றிய பகுதி, மீசை, தலை ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். காது வெளிப்பக்கம் திரும்பி, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலி கடுமை. பத்துக்கு நான்கு வந்துவிட்டால் வலிமருந்து தேவை. அந்த வலிமருந்து பாரசிட்டமால் அல்ல என்பதை மறுபடி சொல்லியாக வேண்டும்.

பேச்சோடு பேச்சாக, சைவப் பூனை. தயிர்ச்சாதத்திலேயே வளர்ந்த பூனை என்று பெருமையடிக்கும் வீடுகள் உண்டு. பூனைக்கு டாரின் வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இதயம் வீங்கும் என்று 1987-இலும் தெரிந்துவிட்டது. தயிர்ச்சாதப் பூனை தெம்பாக இருக்கிறதென்றால், பரணில் எலி இருக்கிறது என்று அர்த்தம்.

பேச்சு நீண்டுவிட்டது, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். பாரசிட்டமாலை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் வேலை செய்யாது. பாதி மாத்திரைகூட விஷம். ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு வாங்கும். உடனே போனால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு, தெரியாமல் கொடுத்துவிட்டால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைமேல் விடாதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு, குண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக, கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கலாம். குட்டிக்கு முத்தடுப்பூசி ஆறேழு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். ஆண் பூனை மண்தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். மூத்திரம் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போகும். அடிவயிற்றில் உருண்டையாக, கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டால் ராத்திரி பதினொரு மணியானாலும் டாக்டருக்குப் போன் போடுங்கள். "அடைப்புக்குக் குழாய் போடுவீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.