நாவலரின் கேள்வியும் நவாலியின் கேள்வியும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் நிறுவிய செமினரி, கிறிஸ்தவத்துக்குச் சாட்சி சொல்ல வானசாஸ்திரத்தையும் கூப்பிட்டது. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். ஊர்ப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் சொன்ன நேரத்துக்கும் செமினரித் தலைவர் டானியல் பூவர் சொன்ன நேரத்துக்கும் ஏறக்குறைய கால் மணி நேர வித்தியாசம். பூவரின் கணக்கே சரிவந்தது. பாதிரிமார் விடுவார்களா? உங்கள் சாஸ்திரம் பிழையாகிவிட்டது, சமயமும் அப்படித்தான் என்ற பிரசங்கத்துக்கு அது வாய்ப்பாகிவிட்டது. கிரகண நேரம் சரியாக வந்ததற்கும் இயேசு உயிர்த்தெழுந்ததற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வாதத்துக்குத் தக்க ஆளாக வந்தவர் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். ஆகவே அதை வரிவரியாக அறிந்தவர். 1854-இல் வெளியான அவருடைய ‘சைவதூஷண பரிகாரம்’ பாதிரிமாரை அவர்களுடைய புத்தகத்தைக்கொண்டே மடக்கியது. விளக்கும் தூபமும் நைவேத்தியமும் மூடத்தனம் என்கிறீர்களே, எருசலேம் ஆலயத்தில் நடந்தது என்ன? லேவியராகமத்தைத் திறந்து பாருங்கள், பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் துடக்கு என்ற கணக்குக்கூட அதில் இருக்கிறது. அதெல்லாம் கிறிஸ்துவோடு முடிந்துவிட்டது என்று பதில் சொல்லலாம், சொன்னார்கள். ஆனால் சடங்கு என்றாலே அறிவீனம் என்று அதுவரை பேசிவந்த வாய்க்கு அந்தப் பதில் அவ்வளவு இலகுவாக வராது. நாவலருக்கு மறுப்பாகச் ‘சுப்பிரதீபம்’ எழுதிய செமினரி மாணவர் கறோல் விசுவநாதபிள்ளை பிற்காலத்தில் தாமே சைவத்துக்குத் திரும்பினார்.

இரண்டு பக்கமும் வசைக்குக் குறைவில்லை. ஆனாலும் எதிராளியின் நூலை உட்கார்ந்து படித்தார்கள்.

செமினரி 1855-இல் மூடப்பட்டது; அந்த வளவில் இப்போது யாழ்ப்பாணக் கல்லூரி. வாதம் கைபேசிக்குப் போய்விட்டது. நாத்திகரின் வாயை அடைத்த போதகர் என்று தலைப்பிட்ட இரண்டு நிமிட வீடியோவை வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். வாயடைபட்ட அந்த நாத்திகர் பெரும்பாலும் அங்கே இருப்பதே இல்லை. பரிணாமம், சுவிசேஷங்களுக்கிடையேயான முரண் என்று பிள்ளைகள் கேட்பதற்கு நல்ல நூல்கள் உண்டு, வாசித்துப் பதில் தேடலாம்.

அப்படித் தேடிப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்றும் இங்கே இருக்கிறது. 1995 ஜூலை 9. இலங்கை இராணுவத்தின் படையெடுப்புக்குத் தப்பி, பாதுகாப்பான இடம் என்று நம்பி நவாலி தேவாலயத்தில் தங்கியிருந்த சனங்கள் மேல் விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். நாவலர் கேட்டது வெளியில் நின்று. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வாங்கில் அமர்ந்து ஜெபிப்பவர்கள்: கடவுளுடைய வீட்டுக்குள்ளேயே அவர் ஏன் காக்கவில்லை?

மனிதருக்குச் சுயாதீனம் கொடுத்தால் தீமைக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று அல்வின் பிளாண்டிங்கா என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1974-இல் வாதித்தார். நேர்த்தியான தர்க்கம். அதன் எல்லையை அவரே அறிவார்: நல்ல கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பது முரண் அல்ல என்பதை மட்டுமே அது காட்டும், இந்தப் பிள்ளை ஏன் செத்தது என்று சொல்லாது. தர்க்கத்தின் எல்லையை ஒப்புக்கொள்ளும் போதகரிடம்தான் ஒரு தாய் வாய் திறந்து பேசுவாள் என்று நினைக்கிறேன். செத்த வீட்டில் நின்று ‘எல்லாம் தேவ சித்தம்’ என்பவரிடம் அவள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையிலும் கடவுளுக்காக நியாயம் பேசியவர்கள் அவனுடைய நண்பர்கள், முறையிட்டவன் யோபு. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்தது நண்பர்கள்மேல். தம்மைப் பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார். அந்த அதிகாரத்தை வைத்து நான் கேட்ட பிரசங்கங்கள் அநேகமாக எல்லாமே யோபுவின் ஆடுமாடு இரட்டிப்பானதைப் பற்றியவை.