பனிக்கட்டிப் பொறியும் மாடித் தொட்டியும்

சென்ற கோடை விடுமுறையில் மதுரையிலுள்ள எம் அத்தையார் இல்லத்திற் சில வாரம் தங்கியிருந்தோம். அவ்வில்லத்தில் இரட்டைக் கதவுடைய பெரிய குளிர்ப்பெட்டி ஒன்றுண்டு. தட்டில் நீர் வார்த்து, உறைந்தபின் அதனைக் கவிழ்த்துத் தட்டியெடுக்கும் தொல்லை அதன்கண் இல்லை. தானே நீரை வார்த்துக்கொண்டு, தானே உறையச் செய்து, தானே உதிர்த்து ஒரு கலத்தில் நிரப்பும் பொறி அதன் உறையறையில் அமைந்துளது. யாம் சென்ற மூன்றாம் நாள் அப்பொறி வேலைநிறுத்தஞ் செய்தது. வந்து பார்த்த மெக்கானிக், பொறி முழுவதையும் மாற்ற வேண்டுமென்றும், அதற்கு 9,000 ரூபாய் ஆகுமென்றும் கூறிச் சென்றார். மாற்றுமுன் அதன் இயல்பை அறிந்து பார்ப்போமே என்னும் துணிவு எமக்குப் பிறந்தது. இலக்கணம் பயில்வோர்க்கு இவ்வேலை எதற்கென்று வீட்டார் நகைத்தனர். எழுத்தும் சொல்லும் இன்னவிடத்து இன்னவாறு புணரும் என்று ஆராயப் பழகிய கண்ணுக்கு, ஒரு பொறியின் உறுப்புக்கள் எவ்வாறு புணர்ந்து தொழிற்படுகின்றன என்று காண்டலும் இயலாததன்று என்று விடைகூறிவிட்டு ஆராயப் புகுந்தோம்.

வானத்தினின்று விழும் கட்டிக்கு ஆலி என்றும் ஆலங்கட்டி என்றும் நம் மொழியிற் பெயருண்டு. எனினும், விரும்பியபோது பனிக்கட்டி பெறுதல் நம் நாட்டார்க்கு நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. அமெரிக்க நாட்டு ஏரிகளிற் குளிர்காலத்து வெட்டிய கட்டிகள் மரத்தூளிற் பொதியப்பட்டுக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. அவற்றைச் சேமித்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு கடற்கரைச் சாலையில் நிற்பதைச் சென்னை சென்றார் யாவரும் கண்டிருப்பர். பனிக்கட்டி செய்யும் இயந்திரத்திற்கு ஜான் காரி என்னும் அமெரிக்க மருத்துவர் 1851-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். தானியங்கிப் பொறியமைந்த வீட்டுக் குளிர்ப்பெட்டி அந்நாட்டில் 1953-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இது நிற்க.

பொறியின் தொழில் நான்கு நிலைகளை உடையது. முதற்கண், பெட்டியின் பின்புறத்துள்ள மின்வால்வு சில நொடி திறந்து, சிறு குழாய் வழியே அச்சிற்குள் நீரை விடுகின்றது. அடுத்து, நீர் உறைந்து அச்சின் குளிர்ச்சி ஓரளவிற்குக் கீழிறங்கியதும் வெப்பமானி மின்சாரத்தைச் செலுத்துகின்றது. மூன்றாவது, அச்சின் அடியிலுள்ள வெப்பக்கம்பி சற்றே சூடேறிக் கட்டிகளை அச்சினின்று இளக்க, சிறு மோட்டார் ஒரு கையைச் சுழற்றி அவற்றைக் கலத்துள் தள்ளுகின்றது. சிலவகைப் பெட்டிகளில் வெப்பக்கம்பி இல்லை. பிளாஸ்டிக் தட்டே முறுக்கப்பட்டுக் கட்டிகள் உதிரும். இறுதியாக, கலத்தின்மேல் தாழ்ந்து கிடக்கும் கம்பிக்கை, கலம் நிறைந்தபோது கட்டிகளால் உயர்த்தப்பட்டுப் பொறியை நிறுத்துகின்றது. கலத்தைத் துடைக்கும்போது எவரேனும் அக்கையை மேலே தூக்கிவிட்டு மறந்தாலும் பொறி நின்றுவிடும். பழுது என்று கருதப்படுவனவற்றுட் சில இத்துணை எளியனவே.

எமது பொறியில் அக்கை தாழ்ந்தே இருந்தது. உறையறையின் குளிர்ச்சியும் வேண்டிய அளவாகிய சுழிக்குக்கீழ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. ஆனால் அச்சு வறண்டு கிடந்தது. எனவே பொறி பழுதுறவில்லை, அதற்கு நீர் வரவில்லை என்பது தெளிவாயிற்று. இதற்கு முந்திய சில நாள்களாகக் கட்டிகள் சிறுத்தும் நடுவே குழிந்தும் விழுந்தன என்று அத்தையார் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அச்சிற்கு நீரைக் கொணரும் சிறு குழாயின் வாயை விளக்கிட்டுப் பார்த்தபோது, அதனுள் வெண்மையான பனியடைப்பு ஒன்று திரண்டிருந்தது.

அடைப்பை உருக்கப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். யாம் அதனை நாடிச் சென்றபோது அத்தையார் பின்னால் வந்து, “ஐயா, பெட்டியை அணைக்கப் போகிறாயே, என் மருந்து என்னாகும்?” என்று கேட்டார். பொறியையே நோக்கியிருந்த எம் சிந்தையில் அதுகாறும் தோன்றாத கேள்வி அது! அவர் நீரிழிவு நோய்க்கு நாடோறும் இன்சுலின் ஊசி இட்டுக்கொள்பவர். திறவாத இன்சுலின் குப்பிகள் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் இருத்தல் வேண்டும். மிக்க வெப்பமும் அதன் ஆற்றலைக் குறைக்கும். உறைந்துவிட்டாலோ, பின் உருகிய நிலையிலும் அதனைப் பயன்படுத்தலாகாது. வெளியே மதுரை மாநகரின் மே மாத வெயில். பனிக்கட்டிக்காக மருந்தைக் கெடுத்தல் எத்துணைப் பேதைமை என்று எண்ணி நாணினோம். திறவாத குப்பிகளை அண்டை வீட்டுப் பெட்டியின் கீழறையிற் சேர்ப்பித்தோம். எடுத்தாண்டு வரும் ஒரு குப்பியை மூடியுள்ள கிண்ணத்திலிட்டு, ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைத்தோம். உறையறையிலிருந்த கட்டிகள் சிலவற்றை மருந்தோடு பொதியலாமே என்று ஒருவர் கூறினார். கட்டியை ஒட்டியிருக்கும் மருந்து உறைந்துபோகக் கூடுமாகையால் அதற்கு இசைந்திலோம்.

பின்னரே பிளக்கைப் பிடுங்கினோம். பக்கத்து வீட்டுச் சிறுவன் கத்தியொன்றைக் கொணர்ந்து, குத்தி எடுத்துவிடலாம் என்றான். உறையறையின் சுவருக்குப் பின்னே குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் உள்ளன. இக்காலத்து வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் அவ்வாயு ஐசோபியூட்டேன் என்பது. அது தீப்பற்றும் இயல்பினது. ஆகவே கத்தியும் ஆகாது, மெழுகுதிரியும் ஆகாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயின்மேற் சுற்றிச் சுற்றி எடுத்தோம். கீழே ஒரு தட்டு வைத்தோம். அரைமணியளவில் விரல் நீளமுள்ள பனித்தண்டு ஒன்று வழுக்கி விழுந்தது. மறுநாட் காலை கலத்திற் கட்டிகள் கண்டு வீட்டார் மகிழ்ந்தனர். யாமும் சற்றுச் செருக்குற்றோம்.

அச்செருக்கு பதினொரு நாள்களே நிலைத்தது. மீண்டும் அச்சு வறண்டது; மீண்டும் குழாயில் அதே அடைப்பு. விளைவை நீக்கினோமேயன்றிக் காரணத்தை நீக்கினோமில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். இம்முறை அடைப்பை உருக்கியபின் பிளக்கை மாட்டாமலே, குழாயின் வாயிற் கிண்ணமொன்றை ஏந்தி வைத்துக் காத்திருந்தோம். மின்சாரமில்லாதபோது வால்வு முற்றும் மூடியிருத்தல் வேண்டும். ஆயினும் துளி துளியாக நீர் விழுந்துகொண்டேயிருந்தது! அச்சிறு துளிகளே குழாயின் வாயில் ஒன்றன்மேலொன்றாக உறைந்து நாளடைவில் வழியை அடைத்தன. வால்வின் நுழைவாயிலிலுள்ள வலையைக் கழற்றிப் பார்க்கையில் நுண்மணலும் சுண்ணப் படிவும் இருந்தன. கழுவி மாட்டினோம். சொட்டுதல் குறைந்ததேயன்றி நின்றிலது.

ஈண்டுதான் இவ்வாராய்ச்சியின் கருப்பொருள் உளது. மின்வால்வை மூடுவது மின்சாரம் என்றே யாம் எண்ணியிருந்தோம். அஃது உண்மையன்று. வால்வினுள் ரப்பராலான மெல்லிய தட்டொன்று உண்டு. அதிலுள்ள ஊசித்துளை வழியே நீர் அத்தட்டின் மேற்புறஞ் சென்று, தன் அழுத்தத்தால் அதனைக் கீழே அமுக்கி வழியை அடைக்கின்றது. மின்சாரம் பாயும்போது மேற்புறத்து நீர் வெளியேற, தட்டு எழும்பி வழி திறக்கின்றது. மின்சாரம் திறக்கின்றது, அடைப்பது நீரே. நீருக்குப் போதிய அழுத்தமில்லையெனின் கதவு நன்கு சாத்தப்படாது. திறந்திருக்கும் சில நொடியிலும் குறைந்த நீரே உட்செல்லும். முன்னர்க் கட்டிகள் சிறுத்தும் குழிந்தும் விழுந்ததற்கும் காரணம் இதுவே.

போதிய அழுத்தம் யாது? பெட்டியோடு வந்த நூலில், சதுர அங்குலத்திற்கு 20 பவுண்டுக்குக் குறையலாகாது என்றிருந்தது. நேராக நிற்கும் நீரின் 10 மீட்டர் உயரம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ, அஃதாவது சதுர அங்குலத்திற்கு 14 பவுண்டு அழுத்தந் தரும். எனவே 20 பவுண்டு வேண்டின், தொட்டி வால்வினும் 14 மீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். நான்கு மாடிக் கட்டிடத்தின் உயரம் அது. கயிற்றைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தோம். அத்தையார் இல்லத்து மாடித் தொட்டியின் அடி, வால்வினும் ஐந்தரை மீட்டரே உயர்ந்திருந்தது. கிடைத்த அழுத்தம் 8 பவுண்டு. அதிலும் இடையிலுள்ள வடிகட்டி ஒருபங்கைக் கவர்ந்துகொண்டது. நகரத்துத் தெருக்குழாயினின்றே நீர் அழுத்தத்தோடு வீட்டினுட் பாயும் நாடுகளிற் பிறந்த அமைப்பு இது. தொட்டியினின்று இழியும் நீரை நம்பி வாழும் நம் இல்லங்களுட் பலவற்றில் இது திணறுதல் வியப்பன்று. மெக்கானிக் சொன்னவாறு 9,000 ரூபாய் கொடுத்துப் பொறியை மாற்றியிருப்பின், புதிய பொறியும் இரண்டு வாரத்திற் பட்டினி கிடந்திருக்கும்.

பிளம்பர் ஒருவரைக் கொண்டு, வடிகட்டிக்கும் வால்வுக்கும் இடையே சிறு அழுத்தப் பம்பு ஒன்றை அமைத்தோம். வால்வு திறக்கும்போது தானே ஓடி, மூடியபின் தானே நிற்பது அது. ஆன செலவு, முன் சொன்ன தொகையில் மூன்றிலொரு பங்கு. மின்சார இணைப்பை யாம் தொட்டிலோம். நீரும் 230 வோல்ட் மின்சாரமும் அருகருகே செல்லுமிடத்தில் தேர்ந்தவர் கையே தகும் என்று கருதினோம். பின்னர்க் கிண்ணத்தை மீண்டும் ஏந்தி ஒருமணி நேரம் பார்த்தோம். ஒரு துளியும் விழவில்லை.

புதிய குழாயின் மாசு இருக்கக் கூடுமாகையால் முதல்நாட் கட்டிகளை வாழையடியிற் கொட்டினோம். இரண்டாம் நாட் கட்டிகள் குழிவின்றி முழுவடிவோடு விழுந்தன. அதற்குள் பெட்டியின் கீழறையும் தக்க குளிர்ச்சியை அடைந்துவிட்டதை வெப்பமானியால் உறுதிசெய்துகொண்டு, அண்டை வீட்டிலிருந்த மருந்துக் குப்பிகளை வாங்கிவந்து அவற்றிற்குரிய இடத்தில் வைத்தோம். வால்வின் வலையை ஆறு திங்களுக்கு ஒருமுறை கழுவுக என்று ஒரு சீட்டெழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டு, கல்லூரி திறக்கும் நாள் அணுகவே, விடைபெற்று வந்தோம்.