தழும்பின் மேல் தோன்றும் புடைப்பு

வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தழும்பின் மேல் ஒரு புடைப்பு தோன்றும். இருமினாலும், செம்பனைக் குலையைத் தூக்கினாலும் பெருக்கும், படுத்தால் மறையும். மறைகிறதே என்று, 'வாயுதான்' எனப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வாயு அன்று, குடலிறக்கம்.

தையல் விட்ட சாக்கில் அரிசி பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, மேலே தோல் ஆறியிருந்தாலும், அடியிலுள்ள தசைச்சுவர் ஒட்டாத இடத்தில் குடல் பிதுங்குகிறது. காயத்தில் சீழ் பிடித்தல், புகைத்தல், நீரிழிவு, உடற்பருமன், ஓயாத இருமல் ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. ஆகவே, மருத்துவர் எம்.சி. எழுதித் தந்த நாள்களில், சம்பளம் போகிறதே என்று பாரம் தூக்கப் போகாதீர்கள்.

எண்ணெய் தேய்த்து நீவினால் ஓட்டை அடைபடாது. வயிற்றுப் பட்டி தாங்குமே தவிரக் குணப்படுத்தாது. அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். ஓட்டையை அடைக்கும் வழி அறுவைச் சிகிச்சைதான். இக்காலத்தில் பெரும்பாலும் செயற்கை வலை வைத்துத் தைக்கிறார்கள். 2000இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மூன்றாண்டுக்குள் மீண்டும் புடைத்தது, தையல் மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு. வலை வைத்தவர்களில் 24 பேருக்கு.

புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் கண்டால், குடல் நெரிபடுகிறது எனக் கருதுங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள்; விடியட்டும் என்று காத்திராதீர்கள். 999ஐ அழையுங்கள்; அல்லது ஷா ஆலம் மருத்துவமனைக்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம்.