பெயின்ட்பால் டாங்கிக்கு ஏற்ற ஜன்னல்

1944 நார்மண்டித் தரையிறக்கத்தை நினைவுகூர்ந்து அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்தப்பட்ட ஆட்டத்தைப் போன்ற பெரிய பெயின்ட்பால் போட்டிகளில், ஆட்டக்காரர்கள் தாங்களே கட்டிய டாங்கிகள் ஓடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் கோல்ஃப் வண்டியோ பழைய வேனோதான். மேலே மரச்சட்டமும் பிளைவுட்டும். சுவரில் சிக்கல் இல்லை, வண்ணக் குண்டு பிளைவுட்டைத் துளைக்காது. யோசிக்க வேண்டியது ஜன்னலைப் பற்றி. சுற்றிலும் ஆட்கள் ஓடும் திடலில் ஓட்டுநருக்குக் கண் மறைந்தால் வண்டி யார் மீதாவது ஏறிவிடும். எனவே ஜன்னல் குண்டைத் தடுத்தால் மட்டும் போதாது. பத்து அடி வாங்கிய பிறகும் வெளியே தெரிய வேண்டும். இந்தச் சோதனையில் தேறுவது கம்பிவலைதான்.

பாலிகார்பனேட் பலகை இன்னும் உறுதியானதாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். குண்டின் எடை சுமார் 3 கிராம், வேகம் நொடிக்கு 300 அடிக்குள். தடிமனான பாலிகார்பனேட் அதைத் தாங்கும். (அக்ரிலிக் வேண்டாம், அது விரிசல் விடும்.) ஆனால் குண்டின் ஜெலட்டின் ஓடு உடைந்ததும் உள்ளிருக்கும் கொழகொழப்பான சாயம் பலகை முழுதும் வழிந்துவிடும், துடைத்தால் இன்னும் பரவும். வலையில் கம்பிகள் மட்டுமே நனையும், வலைக்கண்கள் திறந்தே இருக்கும். முகத்துக்கு அருகில் உள்ள கம்பி, தூரத்தைப் பார்க்கும்போது மங்கி மறைந்துவிடும். பளபளக்காத கறுப்பு அடித்தால் வெயிலில் கண் கூசாது.

வழக்கமான குண்டின் விட்டம் 17.3 மி.மீ. கோழிக்கூண்டுக்கு வாங்கும் அரை அங்குல வெல்ட் வலை அதைத் தடுத்துவிடும். ஆனால் 12.7 மி.மீ. விட்டமுள்ள சிறிய குண்டும் உண்டு, அதாவது சரியாக அரை அங்குலம். ஆகவே கால் அங்குல வலையே நம்பத்தக்கது. கொசுவலை அளவுக்கு நெருக்கமானால் சாயம் வலைக்கண்களை அடைத்துக்கொள்ளும். வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் வைத்து, விளிம்பின் மேல் மரப்பட்டி கொடுத்துத் திருகாணியால் இறுக்குங்கள். அப்போது ஒவ்வொரு அடியும் வலையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். உள்ளிருந்து ஸ்டேப்பிள் அடித்தால் அதே அடி வலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே தள்ளும்.

வலை சாயத் தெறிப்பைத் தடுக்காதே என்ற ஆட்சேபம் நியாயமானது. இரண்டு, மூன்று அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு வலை வைத்தால் தெறிப்பு குறையும், முற்றிலும் நிற்காது. ஓட்டின் துணுக்குகளும் வரும். அதனால் எத்தனை வலை போட்டாலும், டாங்கிக்குள் இருக்கும்வரை யாரும் முகக்கவசக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது.