அசைவூட்டக் கலைப் பயிற்சியும் வேலைவாய்ப்பும்

அனிமேஷன் எனப்படும் அசைவூட்டக் கலையைப் பயிலப் பெங்களூருவுக்கு வரும் மாணவருக்குப் பெரும்பாலும் தரப்படும் முதற்பயிற்சி, ஒரு பந்தைத் துள்ளச் செய்வதாகும். கணினித் திரையில் ஒரு வட்டம். அது தரையில் விழுந்து, எழும்பி, மீண்டும் விழுந்து, இறுதியில் ஓய வேண்டும். அதே வட்டத்தை ஒரு முறை ரப்பர்ப் பந்தாகவும் மறுமுறை இரும்புக் குண்டாகவும் காட்ட வேண்டும். நிறமோ உருவமோ உதவிக்கு இல்லை. எவ்வளவு உயரம் எழும்புகிறது, உச்சியில் எவ்வளவு நேரம் தயங்குகிறது, எத்தனை முறை துள்ளுகிறது என்னும் காலக்கணக்கைக் கொண்டே காண்பவர் அதன் எடையை உணர வேண்டும்.

என் உறவினர் மகன் ஒருவர் அந்நகரில் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் இக்கலையைப் பயின்று வருகிறார். அலுவல் காரணமாகச் சென்றிருந்த நான் அவருடைய அறையில் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. பந்துப் பயிற்சியிலேயே மூன்று வாரங்கள் கழிந்தன என்று அவர் கூறியபோது, அம்மூன்று வாரங்களுக்குரிய கட்டணம் எவ்வளவு என்று மனத்துக்குள் கணக்கிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்துறையை வெளியிலிருந்து பார்ப்போர் பலரும் செய்யும் கணக்குதான் அது.

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சாதாரண நடையில் ஓர் அடி எடுத்து வைக்கச் சுமார் அரை வினாடி, அதாவது 12 படங்கள் தேவை. குதிகால் தரையைத் தொடும் நிலை, உடலின் பளு காலில் இறங்கும் நிலை, ஒரு காலை மற்றொரு கால் கடக்கும் நிலை, உடல் உயர்ந்து முன்செல்லும் நிலை என அந்த அரை வினாடியை நான்காகப் பிரித்து மாணவர் பயில்கிறார். கையால் வரைந்த காலத்தில் இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்தனர். இன்று கணினி அவற்றை நிரப்பிவிடுகிறது. ஆனால் கணினி தானாக நிரப்பும் அசைவில் எடையும் இல்லை, எண்ணமும் இல்லை. எந்த மூட்டு முதலில் புறப்பட வேண்டும், எது பின்தங்க வேண்டும், கண் திரும்பிய பின் தலை எத்தனை படங்கள் கழித்துத் திரும்ப வேண்டும் என்பதைக் கலைஞர்தான் முடிவு செய்தாக வேண்டும். கதாபாத்திரத்துக்கு அசைவூட்டுவது அடிப்படையில் நடிப்புக் கலையாகும். ஓவியத் திறன் அதற்குத் துணை. டிஸ்னி நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 12 விதிகளே இன்றும் வகுப்பறைகளில் முதற்பாடமாக உள்ளன.

ஆகவே மாணவரின் நாள் கணினி முன் மட்டும் கழிவதில்லை. காலையில் மனித உருவத்தைப் பார்த்து வரையும் வகுப்பு. பிற்பகலில், முந்தைய நாள் செய்த நான்கு வினாடிகளை ஆசிரியரும் சக மாணவர்களும் படம் படமாக நிறுத்திக் குறை கூறும் அமர்வு. விடுமுறை நாட்களில் கெம்பேகௌடா பேருந்து நிலையத்திலோ கிருஷ்ணராஜ மார்க்கெட்டிலோ நின்று, மூட்டை தூக்குவோர் எவ்வாறு மூச்சை அடக்கி இடுப்பைத் தாழ்த்துகின்றனர், பேருந்தைத் தவறவிட்டவர் தம் ஓட்டத்தை எவ்வாறு நிறுத்துகிறார் என்று கூர்ந்து நோக்குவதும் பாடமே. அவருடைய மேசைக்கு மேல் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. ஒரு சொல்லை உச்சரிக்கையில் உதடும் புருவமும் என்ன செய்கின்றன என்று அறிவதற்காக அது. நள்ளிரவில் ஒருவர் கண்ணாடி முன் கோபிப்பதும் மறுகணமே சிரிப்பதும் அவ்விடுதியில் எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

இத்தகைய பயிற்சி நம் நாட்டில் அரசின் முயற்சியாகவே ஒரு காலத்தில் நடைபெற்றது. 1956இல் பம்பாயில் திரைப்படப் பிரிவு தனது கார்ட்டூன் பகுதியைத் தொடங்கியபோது, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் வந்து இளைஞர்களைப் பழக்கினார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரான ராம் மோகன் பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை எனப் போற்றப்பட்டார். அவர் அரசுப் பணியில் இருந்தவாறே தொழிலைக் கற்றவர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இன்றைய மாணவரோ கட்டணம் செலுத்திக் கற்கிறார். அக்கட்டணமும் பல குடும்பங்களில் வங்கிக் கடனாகவே வருகிறது.

பெங்களூருவில் இத்தொழில் வேறு வழியில் வேரூன்றியது. மென்பொருள் ஏற்றுமதிக்காக உருவான வசதிகளும், ஆங்கிலம் அறிந்த இளைஞர்களும், மேலை நாடுகளைவிடக் குறைந்த ஊதியமும் சேர்ந்து வெளிநாட்டுப் படப் பணிகளை இந்நகருக்குக் கொணர்ந்தன. ‘தி ஜங்கிள் புக்’ (2016), ‘தி லயன் கிங்’ (2019) ஆகிய படங்களில் நாம் கண்ட விலங்குகளில் பெங்களூருக் கலைஞர்களின் உழைப்பும் கலந்துள்ளது. கர்நாடக அரசு 2012இல் அசைவூட்டம், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, வரைகதை ஆகியவற்றுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. மாநிலங்களுள் இதுவே முதலாவது. மகாதேவபுரத்தில் இத்துறைக்கான உயர்திறன் மையம் 2021இல் திறக்கப்பட்டது. 2022-23ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டமும் இத்துறை வளர்ச்சிக்கெனப் பணிக்குழு ஒன்றை அறிவித்தது.

எனினும் 2025 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியால் வீழ்ந்தபோது, அதன் இந்தியக் கிளையும் செயலிழந்தது. பெரும்பாலும் பெங்களூருவில் பணியாற்றி வந்த சுமார் 3,000 பேர் திடீரென வேலை இழந்தனர். அவர்களின் திறமையில் குறையேதும் இல்லை. அவர்கள் உயிரூட்டிய சிங்கமும் கரடியும் வேறொருவர் உடைமை. எந்தப் படம் எடுப்பது, எப்போது எடுப்பது என்ற முடிவும் வேறு நாட்டில் எடுக்கப்படுவது. பிறர் தேவையை மட்டும் நம்பிய சேவை ஏற்றுமதியின் இடர்ப்பாடு இது. சணலிலும் தேயிலையிலும் நாம் முன்பே கண்டதுதான். அச்செய்தி வெளியான நாட்களில் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த மாணவரின் தந்தை ஒன்றே ஒன்று கேட்டாராம்: கடன் தவணை தொடங்குமுன் வேலை கிடைத்துவிடுமா? மகனிடம் விடை இல்லை. என்னிடமும் கேட்டார், என்னிடமும் இல்லை.

பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும்போது இருக்கைகளையும் கணினிகளையும் எண்ணுவது நம் அலுவலகங்களின் பழக்கம். இத்துறையில் அவ்வெண்ணிக்கை மிகக் குறைவாகவே உண்மையைச் சொல்கிறது. வேலை தருவோர் மதிப்பெண் பட்டியலைவிட, மாணவர் தாம் செய்தவற்றுள் சிறந்ததைத் தொகுத்த ஓரிரு நிமிடப் படத்தையே பார்க்கின்றனர். அப்படத்தில் இடம் பெறத்தக்க பத்து வினாடி நடிப்பைச் செய்யப் பல வாரங்கள் ஆகின்றன. அது பயிற்சியின் கடைசி மாதங்களிலேயே கைகூடுகிறது. பணமின்றி இடையில் நின்றுவிடும் ஏழை மாணவர் இழப்பது அந்த மாதங்களைத்தான். சில மாதங்களில் மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்றுத் தரும் வகுப்புகள் அவருக்கு மலிவாகத் தோன்றலாம். கருவி மாறியதும் அக்கல்வியின் மதிப்பும் போய்விடும். எனவே இறுதியாண்டு மாணவருக்கு உதவித்தொகை, வேலை கிடைத்து ஊதியம் ஒரு வரம்பை எட்டிய பின் தொடங்கும் தவணை, பாடநூல் நிறுவனங்களும் தூர்தர்ஷனும் இந்திய மொழிகளில் வழங்கும் சிறு படப் பணிகள் ஆகியவற்றையே நான் முதலில் வேண்டுவேன். புதிய கட்டடங்கள் சற்றுக் காத்திருக்கலாம்.

இது நடவாத காரியம் அன்று. டெக்னிகலர் வீழ்ந்த மறு மாதமே, 20 லட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட லாட்வியா நாட்டின் ‘ஃப்ளோ’ என்னும் படம் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஒரு பூனையைப் பற்றிய அப்படத்தில் வசனமே இல்லை. முழுவதும் அசைவே பேசுகிறது. அதற்குப் பயன்பட்ட பிளெண்டர் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அந்நாட்டு அரசின் திரைப்பட நிதியும் அதற்கு உதவியது. உறவினர் மகனின் கணினியிலும் அதே மென்பொருள்தான் உள்ளது.

நான் புறப்பட்ட நாளன்று அவர், முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவை நோக்கிச் செல்லும் காட்சியைத் தொடங்கியிருந்தார். “மாமா, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருங்கள்” என்றார். ஐம்பதைக் கடந்த என் முழங்கால்களைக் கைப்பேசியில் மூன்று முறை பதிவு செய்துகொண்டார். எழுமுன் நான் ஒவ்வொரு முறையும் இடக்கையை நாற்காலியின் கையில் ஊன்றுவதையும், அதற்கும் முன்பே என் பார்வை கதவுக்குச் சென்றுவிடுவதையும் அவர் காட்டிய பின்னரே நான் அறிந்தேன்.